எழும்ப மறுத்த கணினி



"அக்கா, சங்கத்துக் கணினி செத்துப்போச்சு" என்று எங்கள் பொருளாளர் தங்கச்சி தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கணினி அல்ல, அதற்குள் இருந்தவைதான். 43 பேருடைய சுழற்சிக் கடன் கணக்கு அதில் இருந்தது. 2018 இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கிய பிறகு, எங்கள் ஊர்த் தாய்மாருக்காக நாங்கள் தட்டச்சுச் செய்த கடிதங்களும் அதில் இருந்தன. ஒரு அம்மாவின் மகனுடைய படம் ஒன்றும் இருந்தது. மூலப்படம் வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது. மிஞ்சியது ஸ்கேன் செய்து வைத்த அந்தப் பிரதி மட்டுமே.

பட்டணத்தில் திருத்துபவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "பழசெல்லாம் இனிச் சரிவராது, புதிசு எடுங்கோ" என்றார். பெட்டியை அவர் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் திருகாணி கழற்றும் கருவியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். கணினி எழும்பவில்லை என்றால் அதற்குள் இருந்தவை அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. கணக்கும் கடிதமும் இருப்பது ஹாட் டிஸ்க் என்ற தனிப் பாகத்தில். மற்றதெல்லாம் பழுதானாலும், அது நல்லபடி இருந்தால் கழற்றி வேறொரு கணினியில் பூட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் புதிய பெட்டி விற்றாலும் பழைய ஹாட் டிஸ்க்கைக் கையில் கேட்டு வாங்காமல் வரவேண்டாம்.

இனி எங்கள் பெட்டிக்கு வருவோம். மழைக்காலத்தில் மூன்று கிழமை சங்கக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கையும் கழற்றி வைத்திருந்தோம். நான் சுவிட்சை அமுக்கியபோது ஒரு சத்தமும் இல்லை. மேசை விளக்கை அதே பிளக்கில் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. ஆகவே கரண்ட் வருகிறது. பெட்டிக்குப் பின்னால் வயர் அரைவாசி வெளியே வந்து நின்றது. இறுக்கிச் செருகியதும் உள்ளே விசிறி சுற்றியது. இப்படியானதற்குத்தான் நாங்கள் பாதி நேரம் காசு கொடுக்கிறோம்!

பின்பக்கத்தில், பழைய பெட்டிகள் சிலவற்றில், 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைத் தொடவேண்டாம். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். தூசு துடைக்கும்போது அது 115 பக்கம் போய்விட்டால், கரண்ட் கொடுத்ததும் பவர் சப்ளை வெடித்து எரியும்.

விசிறி சுற்றியது, ஆனால் மொனிட்டரில் படம் வரவில்லை. பெட்டி மட்டும் நீட்டி நீட்டிக் கூவியது. இந்தக் கூவலைக் கேட்டுப் பயப்படாதீர்கள். தனக்கு எங்கே நோகிறது என்று அது சொல்கிறது. தயாரிப்புக்குத் தயாரிப்பு சத்தம் வேறுபடும். ஆனாலும் விடாமல் வரும் நீண்ட கூவல் பல பழைய கணினிகளில் ராம் என்ற நினைவகப் பலகையைக் குறிக்கும்.

பிளக்கைக் கழற்றி, சுவிட்சை இருபது விநாடி அமுக்கிப் பிடித்து, மிச்சமிருந்த மின்னை வெளியேற்றிவிட்டுப் பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு புழுதிக் காடு. சின்னவளின் சித்திரத் தூரிகையால் தட்டினேன். பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின் தங்கியிருக்கும். நீங்களும் திறக்கவேண்டாம். பிறகு வெறும் இரும்புப் பகுதியில் ஒருதரம் கையை வைத்துவிட்டு, ராம் பலகையின் இரு பக்கக் கொளுக்கிகளையும் விரித்து அதை வெளியே எடுத்தேன். அதன் பொன்னிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. எங்களுடையது கடற்கரை ஊர், உப்புக்காற்றும் ஈரமும் சும்மா விடுமா? பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டி (வாயால் ஊதினால் எச்சிலும் போகும்), இரண்டு கொளுக்கியும் 'டக்' என்று பூட்டும் வரை அழுத்தினேன்.

படம் வந்தது! ஆனால் திகதி 2009 என்று காட்டி, எஃப் 1 விசையை அமுக்கச் சொல்லி நின்றது. இது பற்றரியின் வேலை. மதர்போட்டில் ஒரு சதம் போல வட்டமான பற்றரி இருக்கும். பெரும்பாலும் அதில் சீஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். பிளக் கழற்றியிருக்கும் நாட்களில் திகதியையும் தொடக்க அமைப்புகளையும் காப்பது அதுதான். மூன்று கிழமையில் அது ஓய்ந்துவிட்டது. மணிக்கூடு திருத்தும் கடையில் புதியது வாங்கி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கப் போட்டுத் திகதியையும் சரிசெய்தோம்.

பொருளாளர் தங்கச்சி கணக்கைத் தேடினாள். நான் படத்தைத் தேடினேன். இரண்டும் இருந்தன.

அன்று வேறொரு வேலையும் செய்யவில்லை. எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். ஒன்று சங்கத்தில், மற்றது என் வீட்டு அலுமாரியில். அந்த அம்மா கேட்டபடி படத்தையும் அச்செடுத்துக் கொடுத்தோம்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். காலையில் இன்னும் இரண்டுமுறை அமுக்கினால்தான் எழும்புகிறது. மதர்போட்டில் சிறு உருளைகள் போல நிற்கும் கப்பாசிற்றர்களில் இரண்டின் தலை வீங்கியிருக்கக் கண்டேன். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செய்த பல மதர்போட்களில் இந்தக் கோளாறு இருந்தது. ஈயம் வைத்து ஒட்டத் தெரிந்தவர்தான் மாற்றவேண்டும், அது என் கைக்கு மீறியது. உங்களுடைய பெட்டி 'டிக் டிக்' என்று அடித்தால் அது ஹாட் டிஸ்க்கின் சத்தமாக இருக்கலாம். அப்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். நிறுத்திவிட்டு, முதலில் பிரதி எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

எனக்கு எழுதுபவர்கள் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், விசிறி சுற்றியதா, என்ன சத்தம் கேட்டது, மொனிட்டரில் என்ன எழுத்து நின்றது என்பதையும் எழுதுங்கள்.