தக்காளித் தோட்டத்தில் யார் தொழிலாளி?

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு மார்க்கெட்டில் ஏலத்துக்கு இறங்கும் தக்காளிப் பெட்டிகளில் பெண்களின் கை படாதது அபூர்வம். நாற்று நடுவது, களையெடுப்பது, குச்சி ஊன்றிச் செடியைக் கயிற்றில் கட்டுவது, பழம் பறிப்பது, அடிபட்டதைக் கழித்துத் தரம் பிரிப்பது என எல்லாம் அவர்கள் பாடு. கூலிக்குப் போகிறவர் தொழிலாளி, சரி. அதே வேலையைச் சொந்தத் தோட்டத்தில் செய்பவர்?

அவரும் தொழிலாளிதான் என்கிறது தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பு. ஆண்டில் 30 நாள் தோட்டத்தில் இறங்கியிருந்தாலே போதும். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவருக்கு எண் 21. விறகு பொறுக்கி, தீவனம் சேர்த்து, வீட்டையும் கவனிப்பவருக்கு எண் 93. அவர் கணக்குக்கு வெளியே. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் பல பெண்களின் பகல் முழுவதும் கிடக்கிறது. “என்ன வேலை பாக்கறீங்கம்மா?” என்று கேட்டால், “வேலையெல்லாம் இல்லிங்க, வூட்லதான் இருக்கறேன்” என்றே பதில் வரும். துருவிக் கேட்காவிட்டால் 21 ஆக வேண்டியவர் 93 ஆகிவிடுவார்.

பதினைந்து வயது நிறைந்த நூறு பேரில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து எத்தனை பேர் என்பதுதான் தொழிலாளர் பங்கேற்பு விகிதம். செய்தித்தாளில் பெரிதாக வருவதென்னவோ வேலையின்மை விகிதம்தான். தேடிச் சலித்து ஒருவர் வீட்டோடு இருந்துவிட்டால், அவர் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுவார்; நிலைமை தேறியதுபோலத் தெரியும். பங்கேற்பு விகிதத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஓட்டை புலப்படும்.

2017-18இல் இந்தியப் பெண்களின் பங்கேற்பு 23.3 சதவீதம். 2023-24இல் 41.7. கிராமங்களில் மட்டும் பார்த்தால் 24.6 ஆக இருந்தது 47.6 ஆனது. பெரிய ஏற்றம்தான். ஆனால் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்.

பாலக்கோட்டில் விலை சரிந்தால் இதன் பொருள் விளங்கும். பறிகூலிக்கே கட்டாத நாளில் ஆள் வைப்பதை நிறுத்திவிட்டு வீட்டுப் பெண்களே பறிக்க இறங்குகிறார்கள். கூலி இழந்த பெண் வேறு வேலை தேடினால் அவரும் கணக்கில் இருப்பார். புதிதாக இறங்கியவரும் சேர்வார். ஊருக்குள் வந்த கூலி குறையும், பங்கேற்பு விகிதம் கூடும்!

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24இல் தொடங்கிவைக்கப்பட்டதும் இதே மாவட்டத்தின் தொப்பூரில்தான். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு மதிப்புண்டு என்று மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் அது. அந்த மதிப்பு புள்ளிவிவரத்துக்குள்ளும் வந்தாக வேண்டும். 2025 முதல் தொழிலாளர் கணக்கு மாதாமாதம் வெளியாகிறது. விகிதம் ஏறியது என்று தலைப்புப் போடும்போதே, ஏறியவர்களில் சம்பளம் வாங்குபவர் எத்தனை, வாங்காதவர் எத்தனை என்பதையும் அடுத்த வரியில் அச்சிட வேண்டும்.