விலை கொடுத்தவன் குடிக்கூலிக்காரன்!

கடைக்குச் செல்கிறாய். காசை எண்ணிக் கொடுத்துக் கட்டில் ஒன்று வாங்குகிறாய். வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்தாண்டுக் காலம் அதிலே படுத்து உறங்குகிறாய். ஒரு நாள் விடியற்காலையில் கடைக்காரன் வந்து வாயிலிலே நிற்கிறான். "அந்த வகைக் கட்டிலை நான் இப்போது விற்பதில்லை, ஆகவே நீ இனி அதிலே படுக்கக்கூடாது" என்கிறான். என்ன செய்வாய்? ஊரைக் கூட்டுவாய், உறவினரை அழைப்பாய், பாவம், மூளை கலங்கிவிட்டதோ என்று ஐயுற்று அவன் முகத்தில் தண்ணீரும் தெளிப்பாய்!

கடைக்காரன் செய்தால் பைத்தியம். கோடீசுவர நிறுவனம் செய்தால் வணிகம்! நான் கதை கட்டவில்லை. கதை கட்டுவது என் தொழில்தான். ஆனால் இது கதையன்று.

2014-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 'தி க்ரூ' எனும் மோட்டார்ப் பந்தய வீடியோ விளையாட்டை விற்பனைக்கு விட்டது. அமெரிக்க நாட்டையே சுருக்கி, சாலையும் மலையும் பாலைவனமுமாகத் திரையிலே விரித்து வைத்த விளையாட்டு. உலகெங்கும் இளைஞர்கள் வாங்கினார்கள், ஓட்டினார்கள், மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரு சூட்சுமம் இருந்தது. துணைக்கு ஆளின்றித் தனியே ஓட்டுபவனும் அந்த நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டால்தான் வண்டி கிளம்பும். 2024 மார்ச்சு 31-ஆம் நாள் நிறுவனம் அந்தச் சர்வரை நிறுத்தியது. அவ்வளவுதான்! வட்டு கையிலே இருக்கிறது, கருவி வீட்டிலே இருக்கிறது, மின்சாரத்துக்குப் பணம் கட்டியாயிற்று. ஆட்டம் மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமத்தையும் பறித்துக் கொண்டார்கள். பிணத்தைக்கூட வீட்டாரிடம் கொடுக்காத பெருந்தன்மை!

"ஐயா, நான் விலை கொடுத்து வாங்கினேனே" என்று கேட்டவனுக்கு என்ன மறுமொழி தெரியுமா? நீ வாங்கியது பொருளையன்று, உரிமத்தை என்பதுதான். எந்த உரிமம்? அவர்கள் விரும்பும் வரையில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம். விற்கும்போது 'வாங்குக' என்று கொட்டை எழுத்திலே பொத்தான். பறிக்கும்போது எறும்பு எழுத்திலே நிபந்தனை! கலிபோர்னியா மாநிலம் இதைக் கண்டு 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. என்ன சொல்கிறது அச்சட்டம்? பறிக்காதே என்று சொல்லவில்லை, தோழனே! பறிக்கக்கூடிய பொருளை, அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாக அறிவிக்காமல், 'வாங்குக' என்று எழுதி விற்காதே என்கிறது. திருடனைப் பார்த்து, "திருடு, ஆனால் விருந்தாளி என்று பெயர் சொல்லிக்கொண்டு நுழையாதே" என்று எச்சரித்ததைப் போல! ஐரோப்பாவிலே ஆட்டக்காரர்கள் இதைவிட ஓரடி முன்னே சென்றார்கள். விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்று கேட்டு அவர்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கம் 2025 சூலைத் திங்களில் 10 இலட்சத்தைத் தாண்டிற்று.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. 2009 சூலையிலே, அமேசான் நிறுவனத்தின் கிண்டில் என்னும் படிப்புக் கருவியில் மக்கள் விலைக்கு வாங்கி வைத்திருந்த நூல்கள் இரண்டு ஓரிரவில் மாயமாயின. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்; பின்னர் நிறுவனத் தலைவர் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். மறைந்த நூல்கள் எவை? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'-உம் 'விலங்குப் பண்ணை'யும்! உரைகள் தணலில் கருகும் ஓர் ஆட்சியைப் பற்றி எழுதப்பட்ட நூலே உருத்தெரியாமல் போயிற்று. இப்படியொரு காட்சியை நான் நாடகத்தில் எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்று திறனாய்வாளர்கள் என்னைக் கிழித்திருப்பார்கள்.

"விளையாட்டுத்தானே, இதற்கா இவ்வளவு வெகுளி?" என்று நீ கேட்கலாம். வீடியோ விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புலம்பும் கூட்டத்தில் நான் இல்லை. நாடகம் கெடுக்கிறது என்றார்கள்; சினிமா கெடுக்கிறது என்றார்கள்; நாவல் படித்தால் பெண்கள் கெடுவார்கள் என்றும் சொன்னார்கள். கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டுவிட்டு ஒப்பனை அறைக்கு ஓடியவன் நான். கெட்டுப்போனவன் என்ற பட்டத்தை அன்றே பெற்றவன். எனக்கு ஆட்டத்தின்மீது ஐயமில்லை. ஆட்டுவிப்பவன்மீதுதான் ஐயம்.

கேள். 2019-ஆம் ஆண்டு. ஹாங்காங் நகரம் கொந்தளித்துக் கிடக்கிறது. போராடுவோர் முகமூடி அணியக்கூடாது என்ற ஆணை அக்டோபர் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வருகிறது. மறுநாள், பிளிசார்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'ஹார்த்ஸ்டோன்' சீட்டாட்டப் போட்டியிலே பிளிட்ஸ்சங் என்ற புனைபெயர் கொண்ட ஹாங்காங் இளைஞன் ஆடுகிறான். ஆட்டம் முடிந்து, நேரலையிலே பேட்டி. நச்சுப்புகை முகமூடி அணிந்து தோன்றுகிறான்! தன் நகரின் விடுதலை முழக்கத்தை எழுப்புகிறான்! பேட்டி கண்ட இருவரும் மேசைக்கடியில் தலையை மறைத்துக் கொள்கிறார்கள்.

இரண்டே நாளில் தீர்ப்பு! ஓராண்டுத் தடை. பரிசுப் பணம் பறிமுதல். மேசைக்கடியில் தலையை மறைத்தார்களே, அந்த இருவருக்கும் வேலை போயிற்று. முழங்கியவனுக்குத் தண்டனை என்றால் காரணம் தேடலாம். குனிந்தவனுக்கும் தண்டனை என்றால் அந்த அரண்மனையின் அச்சம் எத்தகையது, எண்ணிப்பார்! அன்று அதன் தாய் நிறுவனத்தில் சீனத்து டென்சென்ட் நிறுவனத்துக்கு 5 விழுக்காடு பங்கு இருந்தது. சீனச் சந்தையோ கடல்போல் விரிந்தது. இந்த முடிவுக்கும் சீனத் தொடர்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நிறுவனத் தலைவர் அறிக்கை விட்டார். விட்டார், கேட்டுக்கொண்டோம்.

எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆட்டக்காரர்கள் கணக்கை மூடினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு கட்சியினரும் சேர்ந்து கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். எனக்குப் பிடித்த காட்சி வேறொன்று. கலிபோர்னியாவில் அந்நிறுவன வளாகத்திலே ஒரு வெண்கலச் சிலை. அதைச் சுற்றி நிறுவனத்தின் கொள்கைகளைப் பொறித்த தகடுகள். 'ஒவ்வொரு குரலும் முக்கியம்' என்பது அவற்றுள் ஒன்று. ஊழியர்கள் சிலர் அந்தத் தகட்டின்மீது வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தார்கள். வசனமே இல்லாத காட்சி! பக்கம் பக்கமாக வசனம் எழுதும் நான் வெட்கித் தலைகுனிந்தேன். அதன்பின் பரிசுப் பணம் திரும்பிற்று. தடை ஆறு திங்களாகக் குறைந்தது.

நாடகக்காரர்களுக்குத் தடை புதிதன்று. வெள்ளையன் 1876-இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தான். விடுதலைக்குப் பின் 1954-இல் சென்னை மாநிலமும் ஒரு சட்டம் செய்தது. எழுத்துப்படியைக் காவல்துறையிடம் கொடுத்து இசைவு பெறவேண்டிய நிலை. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு முகவரி இருந்தது. எந்தப் பிரிவு என்று கேட்கலாம், நீதிமன்றப் படியேறலாம். ஏறினார்கள், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் தடைக்கு எந்தப் படியில் ஏறுவாய்? அங்கே சட்டமன்றமும் அவனே, காவலனும் அவனே, நீதிபதியும் அவனே. சீட்டு விற்பவனும் அவனே!

அரசு வந்து காத்துவிடும் என்று நம்பவும் எனக்குத் துணிவில்லை. 2021-இல் சீன அரசு, பதினெட்டு வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களின் இரவில் ஒவ்வொரு மணி நேரம் மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்று ஆணையிட்டது. தந்தையின் பிரம்பைத் தலைநகரம் பிடுங்கிக்கொண்டது. பெல்ஜியம் நாடு 2018-இல் செய்ததை மட்டும் பாராட்டுவேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. என் அக்காள் மகன் பொங்கலுக்குக் கிடைத்த காசு முழுவதையும் அப்படியொரு பெட்டியில் கொட்டிவிட்டு, நீல நிறத் தொப்பி ஒன்று கிடைத்ததென்று காட்டினான். திரையிலே இருக்கும் பொம்மைக்குத்தான் தொப்பி. அவன் தலை வெயிலில் காய்கிறது.

பத்திரிகைக்கு வருவோம். 2013-இல் 25 கோடி டாலருக்கு 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேட்டை வாங்கினார் பெசோஸ். 2024 அக்டோபரில், தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஆசிரியர் குழு கமலா ஹாரிசுக்கு ஆதரவாகத் தீட்டி வைத்திருந்த தலையங்கம் நிறுத்தப்பட்டது. வாசகர் நம்பிக்கையை மீட்கவே என்றார் உரிமையாளர். மீண்ட நம்பிக்கையின் அளவு, 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தாவை நிறுத்தியதில் தெரிந்தது! பணமூட்டையோடு செல்வர்கள் டிரம்ப் சிலைமுன் மண்டியிடுவதாகக் கேலிச்சித்திரம் தீட்டினார் அதே ஏட்டின் ஓவியர் ஆன் டெல்னேஸ். வெளியிட மறுத்தார்கள், இதே பொருள்பற்றிக் கட்டுரை வந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். 2025 சனவரியில் விலகினார் அந்த அம்மையார். அதே சனவரி 20-ஆம் நாள் டிரம்பின் பதவியேற்பு. சக்கர்பெர்க், பெசோஸ், பிச்சை, மஸ்க் ஆகியோர் அமைச்சர்களாக வரவிருந்தோருக்கும் முன்னே அமர்ந்திருந்தார்கள். மே திங்களில் புலிட்சர் பரிசு அந்த அம்மையாருக்குக் கிடைத்தது.

இதே டிரம்பின் கணக்கை 2021-இல் மூடியது பேஸ்புக். மூடியதற்காக அவர் தொடுத்த வழக்கில், 2025-இல் 2.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அன்று மூடியது கொள்கையென்றால் இன்று கொடுத்தது என்ன? அன்று அவருக்கு அதிகாரம் போய்க்கொண்டிருந்தது, இன்று வந்துவிட்டது. வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. செய்திக்குக் கட்டணம் கொடு என்று சட்டம் செய்த கனடாவிலே, 2023 ஆகஸ்டில் அதே நிறுவனம் செய்திகளையே மறைத்தது. அந்தத் திங்களில்தான் எல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கி, ஏறத்தாழ 20,000 மக்கள் வீடு துறந்து ஓடினார்கள்.

கனடாவையும் ஹாங்காங்கையும் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போனால் நான் கோழை. நம் பொதுக்கூட்டங்களை எங்கே ஒளிபரப்புகிறோம்? அவர்கள் மேடையிலே. தோழர்களுக்குச் செய்தி எதன் வழியே அனுப்புகிறோம்? அவர்கள் கருவியிலே. சுவரொட்டி ஒட்டப் பசை காய்ச்சிய கைகள் இன்று விரலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நானும் அவர்களில் ஒருவன்தான். எங்கள் குழு ஐம்பது இரவு ஒத்திகை பார்த்து அரங்கேற்றிய நாடகத்தின் முழுப் பதிவையும் அப்படியொரு தளத்திலே ஏற்றி வைத்தேன். வேறு படி எடுத்து வைக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு காலையில் அது இல்லை. விதி மீறப்பட்டது என்று ஒரு வரி. எந்த விதி? எந்தக் காட்சி? முறையிட்டேன், இரண்டு நிமிடத்துக்குள் மறுப்பு வந்தது. இரண்டரை மணி நேர நாடகத்தை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்த அந்த நீதிமான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிழவி வேடம் கட்டி அதிலே நடித்த எங்கள் மூத்த நடிகர் இறந்து மூன்று திங்கள் ஆகியிருந்தது. அவருடைய குரல் அந்தப் பதிவிலே மட்டும்தான் இருந்தது.

எழுத்துப்படி என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் படி, எண்ணெய்க் கறையோடு. அதை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கிழவி வேடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கிடைத்திருக்கிறான். குரல் இன்னும் படியவில்லை. ஒத்திகை நாள்தோறும் இரவு எட்டு மணிக்குக் கட்சிப் படிப்பகத்தின் மாடியில் நடக்கிறது. நேரம் இருந்தால் வா, தோழனே. கிழவியின் குரலைக் கேட்டவர்கள் யாரேனும் வந்தால் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.