முக்கும் பூனைக்கு ஆமணக்கெண்ணெய் கொடுப்பதை இனியாவது நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கடுவன் பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் கடுவன் மண்பெட்டிக்குள் போய்ப் போய் முக்கியது, கத்தியது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்தோம். வட்ஸ்அப் குழுவில் கேட்டோம். ஆமணக்கெண்ணெய் என்றார் ஒருவர், பார்லித் தண்ணீர் என்றார் இன்னொருவர். இரண்டையும் பருக்கினோம். அடுத்த நாள் சத்தி எடுத்தது. மூன்றாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் உயிர் இல்லை. அதற்கு இருந்தது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர் அடைப்பு. இரண்டு ஆசிரியர்கள் இருக்கிற வீட்டில்தான் இது நடந்தது.

கடுவனின் சிறுநீர்க்குழாய் மிக ஒடுக்கமானது. பளிங்குத் துகளும் சளியும் சேர்ந்தால் அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும், இதயம் நின்றுவிடும். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். அடைத்த குழாய்க்கு மேலே பார்லித் தண்ணீரை ஊற்றி என்ன பயன்? வயிற்றை அமுக்கிப் பார்ப்பதும் ஆபத்து, சிறுநீர்ப்பை வெடிக்கலாம்.

அடுத்தது பனடோல். "வலிக்குத்தானே, கால்வாசி குடுங்க" என்று இன்னமும் கொமண்ட் போடுகிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு குளிசையே கொன்றுவிடும். பிள்ளைகளுக்குக் குடித்து மிஞ்சிய அன்டிபயோட்டிக்கும் வேண்டாம். இளம் பூனைகளின் சிறுநீர்ப் பிரச்சினையில் பெரும்பாலும் கிருமியே இருப்பதில்லை.

அப்படியானால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது நோய் வராமல் தடுக்கவும், வைத்தியர் பார்த்த பிறகு திரும்ப வராமல் காக்கவும்தான். வைத்தியருக்குப் பதிலாக அல்ல.

பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். பக்கெட்டில் வரும் காய்ந்த உணவில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். அதை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். ஈர உணவு கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் போடாமல் மீன் அவித்த தண்ணீரைச் சாப்பாட்டில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். மண்பெட்டியைத் தினமும் துப்புரவாக்குங்கள். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும். பெருநாள் விருந்தாளிகள், வெடிச்சத்தம், புதிய பூனை என்று வீடு அமளியானால் அது ஒதுங்க அமைதியான ஒரு மூலை கொடுங்கள். பயமும் பதற்றமும்கூட இந்த நோயைக் கொண்டுவரும்.

"பூனைக்கெல்லாம் வைத்தியரா?" என்று சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெர்சியன் பூனை வாங்கிப் படம் பிடித்துப் போடக் காசு இருந்தது. முக்கும்போது ஓட்டோவில் ஏற்றிப் போக மட்டும் காசு இல்லையா? கஷ்டப்பட்ட குடும்பங்களை நாம் சொல்லவில்லை. தூரமும், விடுமுறை நாளில் வைத்தியர் கிடைக்காததும் உண்மையான பிரச்சினைகள்தான். அதனால்தான் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் நம்பரையும், பக்கத்து ஊர்த் தனியார் மிருக வைத்தியரின் நம்பரையும் இன்றே எடுத்து வையுங்கள் என்கிறோம்.

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட ஹதீஸை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். அந்த மூன்று நாளும் எங்கள் பூனையும் எங்களை நம்பித்தான் வீட்டுக்குள் கிடந்தது. இது நினைவுக்கு வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக இரத்தத்தோடு வருகிறது என்றால் குழுவில் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அந்தக் குழுக்களில் ஆமணக்கெண்ணெய் சொல்பவர்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.