திருப்புளி தீட்டா?

கேட்டார் ஒரு பெரியவர்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பத்தில், நம் வீட்டுப் பின்கட்டில், பழைய கதவுப் பலகையொன்றை மேசையாக்கி, அதன்மேல் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் பரப்பி, சுற்றிலும் நான்கு மாணவர்களை நிறுத்திக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தோம். வெற்றிலை மென்றபடி வாயிற்படியில் நின்று பார்த்தார் பெரியவர். பார்த்தார், சிரித்தார், பிறகு கேட்டார்:

"என்ன தம்பி, பி.ஏ. படித்திருக்கிறாய், வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறாய், இந்தக் கொல்லுப்பட்டறை வேலை உனக்கெதற்கு? இதற்கென்று ஆட்கள் இல்லையா?"

இதற்கென்று ஆட்கள்! இரண்டே சொற்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை நூற்றாண்டு அடங்கிக் கிடக்கிறது! ஏட்டைத் தொடும் கை உயர்ந்த கை, இரும்பைத் தொடும் கை தாழ்ந்த கை. சொல்பவன் மேலே, செய்பவன் கீழே. அமர்ந்திருப்பவன் 'ஐயா', குனிந்திருப்பவன் 'டேய்'! இந்தக் கணக்கை எந்தப் பாடப் புத்தகமும் அச்சிடுவதில்லை. ஆனால், பட்டம் பெற்றவர் எவரும் மறப்பதுமில்லை. நாமும் மறக்காமல்தான் இருந்தோம், வகுப்பறை விசிறி சோர்ந்துபோன நாள் வரையில்.

கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பயின்றவர் நாம். காப்பியத்தின் அணிநலம் கேட்டால் சொல்லுவோம், பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டு கேட்டால் சொல்லுவோம். எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள், "விசிறி எதனால் சுற்றுகிறது, சார்?" என்று. "மின்சாரத்தால்" என்றோம், பெருமிதத்தோடு. "மின்சாரம் வந்துகொண்டுதானே இருக்கிறது, சார்? பிறகு ஏன் போன வருடத்தைவிட மெதுவாகச் சுற்றுகிறது?" என்றாள். விழித்தோம்! பட்டம் சுவரில் தொங்கிற்று, பட்டதாரி தரையைப் பார்த்தார்.

விடை ஒரு தீப்பெட்டி அளவுள்ள சிறு பெட்டிக்குள் இருந்தது. வீட்டுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். அது மட்டும் தனியே ஒரு சுருளில் ஓடினால், மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் காந்தப்புலம் பிறக்காது. அதனால் விசிறிக்குள் இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு மின்தேக்கியால் சற்றே முந்தவிடுகிறார்கள். கடையில் 'கண்டென்சர்' என்று கேட்டால் கொடுப்பது அதைத்தான். அந்த முன்பின்னால் விளைவதே சுழற்சி. ஆண்டுகள் செல்லச் செல்ல மின்தேக்கி வலுவிழக்கிறது, விசிறியும் தளர்கிறது. பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே, பெரும்பாலும் 2.5 மைக்ரோபாரட், புதிதாக வாங்கினால் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காலக்கோளாறும் அன்று, கண்ணேறும் அன்று. காரணம் தெரிந்தால் கால்மணி நேர வேலை!

உண்மையை மறைப்பானேன்? முதன்முறை நாமே செய்தபோது, இணைக்கக்கூடாத கம்பிகளை இணைத்து வீடு முழுவதையும் இருட்டாக்கினோம். 230 வோல்ட் மின்சாரம் பி.ஏ. பட்டத்துக்கு மரியாதை காட்டுவதில்லை என்பதை அன்று கற்றோம். மின்னிணைப்பு உள்ள பொருளில் மாணவர் கை படக்கூடாது என்பதும், மின்தேக்கியில் தங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றாமல் அதைத் தொடக்கூடாது என்பதும் அன்றுமுதல் நம் பின்கட்டுப் பட்டறையின் முதற்சட்டங்களாயின.

விசிறி பழுதானால் வியர்க்கும், அவ்வளவுதானே என்பீர்கள். கேளுங்கள் இன்னொன்றை!

கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பெயர் பெற்றது. நம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலில் தொங்கும் குலையைக் காண்போர், பந்தலுக்குக் கீழே நடக்கும் முதுகைக் காண்பதில்லை. மாணவன் ஒருவன் தந்தையின் தெளிப்பானைத் தூக்கி வந்தான். முதுகில் சுமந்து மருந்தடிக்கும் கருவி அது. மூடியின் அடியிலிருந்த ரப்பர் வளையம் வெடித்துக் கிடந்தது. அதன் வழியே கசிந்து, நாள்தோறும் அந்தத் தந்தையின் சட்டையை நனைத்தது மருந்தா? இல்லை, நஞ்சு! தோல் வழியாகவும் உடலுக்குள் புகும் நஞ்சு! கையுறை அணிந்து, கலத்தைச் சோப்புநீரால் பலமுறை அலசி, வளையத்தை மாற்றினோம். ஆன செலவு சில ரூபாய். "ஏன் இதுவரை மாற்றவில்லை?" என்றோம். "பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருநாள் கூலி போகுமே, சார்" என்றான் பையன்.

ஒரு ரப்பர் வளையம்! அதைக் கழற்றி மாட்டும் அறிவு இல்லாததால் ஓர் உழைப்பாளியின் முதுகு நஞ்சில் நனைந்தது. கை வேலை கேவலம் என்போரே, சொல்லுங்கள், கேவலம் எது? கழற்றி மாட்டியதா, கழற்றாமல் விட்டதா?

இந்தப் பள்ளத்தாக்கின் பச்சை எங்கிருந்து வந்தது? மேற்கே ஓடிய பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895இல் நீரைக் கிழக்கே திருப்பினார்கள். திட்டத்தை நடத்தியவர் பொறியாளர் பென்னிகுக். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவை பெயர் தெரியாத ஆயிரமாயிரம் கைகள். லோயர் கேம்பில் 2013 முதல் பென்னிகுக்குக்கு மணிமண்டபம் நிற்கிறது. ஆண்டுதோறும் சனவரி 15, அவர் பிறந்தநாளில், மாலை போடுகிறோம், பொங்கல் வைக்கிறோம். நன்று, நன்றி மறவாமை தமிழர் பண்பு. ஆனால், மாலை போட்டுவிட்டு வீடு திரும்பியதும், பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்க்கும் மகனை முதுகில் அறைகிறோமே, அது எந்தப் பண்பு? பொறியாளர் சிலைக்கு மாலை, பொறியைத் தொடும் பிள்ளைக்குப் பூசை!

தமிழன் என்றும் இப்படித்தான் இருந்தானா? இல்லை! சங்கப் புலவர் வரிசையைப் பாருங்கள். மதுரைப் பெருங்கொல்லன், மதுரைக் கொல்லன் புல்லன், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார்! பெயரிலேயே கொல்லுத்தொழிலைத் தாங்கி நின்றவர்கள், தலை நிமிர்ந்து பாடினார்கள். மணிமேகலை பாடிய சாத்தனாரோ கூலவாணிகன். சம்மட்டியும் எழுத்தாணியும் ஒன்றுக்கொன்று தீட்டென்று எவரும் கருதவில்லை. தீட்டு, பின்னாளில் வந்த சரக்கு!

வெளியுலகை வளர்த்ததும் பழுதுபார்த்த கைகளே. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், நியூகோமன் நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று சரியாக ஓடவில்லை. 1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு, கருவி செய்து பிழைத்த ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. சரிசெய்யும்போதே கேட்டார்: இத்தனை நீராவி வீணாவது ஏன்? உருளை ஒவ்வொரு முறையும் குளிர்ந்து குளிர்ந்து சூடேறுவதால் என்று கண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் வேண்டும் என்ற எண்ணம் 1765இல் பிறந்தது. மின்மோட்டாருக்கு வழிகாட்டிய மைக்கேல் ஃபாரடே யார்? கொல்லர் மகன், புத்தகம் தைக்கும் கடையில் பயிற்சியாள்.

நம் மண்ணிலும் எழுந்தார் ஒருவர். கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பைத் தொடராதவர், ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மீது ஆசை வந்தது. உணவுவிடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கி, பிரித்தார், பூட்டினார், பிரித்தார், பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், பின்னாளில் மின்சார முகச்சவரக் கருவி முதல் மோட்டார் வரை படைத்தார். "இதற்கென்று ஆட்கள் இல்லையா?" என்று அவரை அன்று எவரேனும் தடுத்து, அவரும் கேட்டிருந்தால்?

இங்கே நம் இயக்கத் தோழர் ஒருவர் குறுக்கிடுகிறார். "பிள்ளைகள் கையில் உளியும் திருப்புளியும் கொடுக்கச் சொல்கிறீரே, இது பழைய குலக்கல்வி அல்லவா?" என்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. நாடு கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்க மறுத்ததும் அந்த நினைவால்தான்.

நாம் சொல்வது அதற்கு நேர் எதிரானது. பிறப்பு திணித்த உளி விலங்கு, விருப்பம் எடுத்த உளி விடுதலை! தச்சர் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்றது குலக்கல்வி. வழக்கறிஞர் மகன் ஈயம் பற்றவைக்கட்டும், நிலக்கிழார் மகள் தெளிப்பானைக் கழற்றட்டும், தழும்பேறிய கையின் பிள்ளை மருத்துவம் படிக்கட்டும் என்கிறோம் நாம். பள்ளியின் ஒரு மணி நேரத்தையும் பறிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரத்தைக் கேட்கிறோம். எல்லாக் கையும் எல்லா வேலையும் தொட்டபின், எந்த வேலைக்கு எந்தச் சாதி என்று எவன் எழுதுவான்?

"எல்லாரும் தாமே செய்துகொண்டால் தொழிலாளி பிழைப்பு என்னாவது?" என்பார் வேறொருவர். மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதும், ஆழ்துளைக் கிணற்றில் இறங்கிய பம்பை எடுப்பதும் நம்மால் ஆகாது. அதற்கு அவரைத்தான் அழைப்போம். ஆனால், ஒருநாளேனும் தானே முயன்று தோற்றவன், "ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்" என்று அவரிடம் பேரம் பேசமாட்டான். அவர் கையின் விலை அவனுக்குத் தெரியும்.

பெருநிறுவனங்களோ இன்று பொருளைத் திறக்கவே முடியாதபடி ஒட்டி அனுப்புகின்றன. பழுதானால் தூக்கி எறி, புதிது வாங்கு! இதை எதிர்த்து உலகம் விழித்துக்கொண்டது. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் குழு அமைத்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே இயற்றியது. உரிமை ஏட்டில் வரலாம். அதைப் பயன்படுத்தும் கை எங்கே?

எனவே, ஊர்தோறும் படிப்பகம் கண்ட தோழர்களே, படிப்பகத்தின் மூலையில் ஒரு மேசை போடுங்கள். இரண்டு திருப்புளி, ஒரு குறடு, ஓர் அரம், ஒரு மல்டிமீட்டர் போதும். பெற்றோரே, கடிகாரத்தைக் கழற்றிய பிள்ளையை அடிக்காதீர்கள், பூட்டத் தெரிகிறதா என்று கேளுங்கள். பெண்பிள்ளைக்கு எதற்கென்று கேட்காதீர்கள், அம்மாவின் மிக்சி நின்றால் முதலில் பாதிக்கப்படுவது எவர் கை?

அந்தப் பெரியவருக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி, கையில் எண்ணெய்க் கறையோடு நிமிர்ந்து, சொல்லிவிட்டாள்:

"இருக்கிறார்கள், தாத்தா. நாங்கள்தான் அந்த ஆட்கள்!"