புதுசாக வருபவன் கையில் எந்தக் கட்டு?



சீட்டு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எங்கள் ஊரில் சீட்டைத் தொட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடையாது. காசு வைத்து ஆடி நிலம் இழந்தவர்களைப் பார்த்த ஊர் அது. நான் சொல்ல வருவது வேறு சீட்டு. 1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்'. ஆளுக்கு ஒரு கட்டு, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. ஒரு முறைக்கு ஒரு நிலச்சீட்டு இறக்கலாம். நிலம் தரும் சக்தியைச் செலவழித்து உயிரினங்களை இறக்கி, எதிராளியின் புள்ளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் ருசி.

தொல்லையும் அங்கேதான் இருக்கிறது. புதுசாக ஒருவனுக்குச் சொல்லித்தரும்போது அவன் கையில் எந்தக் கட்டைக் கொடுப்பது?

போன வருஷம் எங்கள் விடுதியில் ஒரு அண்ணன் முதலாண்டுத் தம்பி ஒருவனுக்குத் தன் நீலக் கட்டைக் கொடுத்தார். "மச்சி, இதுதான்டா இருக்கறதுலயே பெஸ்ட்" என்றார். சீட்டுக்கு ஐந்து வரி ஆங்கிலம். தம்பி பத்தாவது வரை தமிழ்வழி, என்னைப் போல. எழுத்துக்கூட்டி வாசித்தான், யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. விளையாட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் விளையாடவே இல்லையே, பிறகு எப்படிப் பிடிக்கும்?

நீலம் நல்ல கட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் தொழில் எதிராளியின் மந்திரத்தை ரத்து செய்வது. 'கவுன்ட்டர்ஸ்பெல்' சீட்டை எப்போது போடுவது என்று தெரிய, எதிராளியின் சீட்டு எவ்வளவு பெறும் என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்தவனுக்கு நாம் ஏன் பாடம் நடத்த வேண்டும்?

சிவப்பைக் கொடு என்பார்கள் சிலர். 'லைட்னிங் போல்ட்' ஒரு சக்திக்கு 3 புள்ளி அடிக்கும், ஏழு போட்டால் 21, ஆட்டம் முடிந்தது என்பது அவர்கள் வாதம். அது கூட்டல் கணக்குச் சொல்லித்தரும், ஆட்டத்தைச் சொல்லித்தராது. எதைத் தாக்க அனுப்புவது, எதைத் தடுக்க நிறுத்துவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

என் ஓட்டு பச்சைக்கு. ஒரே நிறம், 40 சீட்டு, அதில் 17 நிலம். முதலில் கைக்கு வரும் 7 சீட்டில் சராசரியாக 3 நிலம் இருக்கும். 17-ஐ 40-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கிப் பாருங்கள். மிச்சம் 23 சீட்டுக்கு ஆறே வகை போதும்: 'லானோவர் எல்வ்ஸ்', 'கிரிஸ்லி பேர்ஸ்', 'சென்டார் கோர்சர்', 'ஜெயன்ட் ஸ்பைடர்', 'ஜெயன்ட் குரோத்' ஆகியவற்றில் நான்கு நான்கு, 'கிரா வர்ம்' மூன்று. கரடி 2/2, சென்டார் 3/3, வர்ம் 6/4. முதல் எண் அடிக்கும் பலம், இரண்டாவது தாங்கும் பலம். (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தாளில் அரியர் வைத்தவனுக்கும் இது புரியும்!) இந்த மூன்றிலும் விதி என்று ஒரு வார்த்தை கிடையாது. இப்படிப்பட்ட சீட்டை ஆடிப் பழகியவர்கள் 'வெனிலா' என்பார்கள், கொஞ்சம் இளக்காரமாகத்தான். எனக்கு அந்த வெனிலாதான் வேண்டும். ஒரே சீட்டு நான்கு முறை வந்தால் இரண்டாம் முறையே வாசிக்காமல் தெரிந்துவிடும். கடைக் கட்டுகள் பலவற்றில் சீட்டுக்குச் சீட்டு வேறு வேறாக இருப்பதால் கடைசி வரை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சொல்லித்தருபவர் வெள்ளை வைத்துக்கொள்ளட்டும், அதே எளிமையோடு. அதில் ஒரு 'செர்ரா ஏஞ்சல்' இருக்க வேண்டும். 4/4, பறக்கும். கரடியால் பறப்பதைத் தடுக்க முடியாது, சிலந்தியால் முடியும். ஆனால் சிலந்தி 2/4, தடுத்தால் சாகும். அந்த நேரம் தம்பி கையில் 'ஜெயன்ட் குரோத்' இருந்தால் சிலந்தி அந்த முறைக்கு 5/7 ஆகிறது. தேவதை விழுகிறது! அந்த ஒரு நிமிஷத்தில் பறத்தல், தடுத்தல், குறுக்கே மந்திரம் போடுதல் மூன்றும் அவனுக்குப் பிடிபட்டுவிடும். முதல் ஆட்டத்தை இருவரும் கையைத் திறந்து வைத்தே ஆடலாம். ஒன்று மட்டும் வேண்டாம், விட்டுக்கொடுத்துத் தோற்பது. அதை எந்தத் தம்பியும் கண்டுபிடித்துவிடுவான்.

கம்பெனிக்காரர்களும் இதை யோசிக்காமல் இல்லை. 1997-ல் 'போர்ட்டல்' என்று புதியவர்களுக்காகவே ஒரு தொகுதி போட்டார்கள், நிலம், உயிரினம், ஒருவகை மந்திரம் மட்டும். 2024-ல் வந்த 'ஃபவுண்டேஷன்ஸ்' தொடக்கப் பெட்டியில் 20 சீட்டுக் கட்டுகள் பத்து. இரண்டைச் சேர்த்தால் 40. நல்ல ஏற்பாடு. ஆனால் ஜப்பானிய மொழியிலும் ஜெர்மனிலும் அச்சாகும் இந்தச் சீட்டு தமிழில் கிடையாது, விலையும் நம் மெஸ் பில்லோடு மோதும்.

அதனால் நான் செய்வது இது. சீட்டின் அளவு 63 மி.மீ.க்கு 88 மி.மீ. ஒரு ஏ1 டிராயிங் ஷீட்டில் ஒன்பதுக்கு ஒன்பது, 81 சீட்டு வெட்டலாம். இரண்டு கட்டுக்கு 80 போக, மிஞ்சும் ஒன்றில் ஆட்ட வரிசையை எழுதி நடுவில் வைத்துவிடலாம். சீட்டின் பெயரை ஆங்கிலத்திலும் வேலையைத் தமிழிலும் எழுதுகிறேன்: "பறப்பதையும் தடுக்கும்", "இந்த முறை முடியும்வரை +3/+3". அதிகாரப்பூர்வப் போட்டியில் இது செல்லாது. விடுதி வராந்தாவில் செல்லும்.

ஆறேழு ஆட்டம் போகட்டும். ஒருநாள் அவனே, "அண்ணே, இந்தக் கரடியை எடுத்துட்டு வேற ஏதாச்சும் போட்டா என்ன?" என்று கேட்பான். அன்றைக்குப் பெட்டியிலிருந்து நீலக் கட்டை எடுத்து அவன் முன்னால் வையுங்கள்.

— மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை