பழைய லேப்டாப் ஒருநாள் ஆன் ஆகுது, ஒருநாள் ஆகலையா? "போர்டு போச்சு"ன்னு உடனே முடிவு கட்டாதீங்க

1/ பட்டனை அமுக்கினா லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு. நாலு தடவை அமுக்கினா அஞ்சாவது தடவை வருது. கடைக்குக் கொண்டு போனா சமத்தா ஆன் ஆகிடும்! டாக்டர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான நோய்தான்.

2/ "அப்பப்ப படபடப்பு வருது டாக்டர்" என்பவருக்கு ஈசிஜி எடுத்தா பல நேரம் நார்மலா இருக்கும். அவர் பொய் சொல்லலை. ஈசிஜி எடுத்த அந்தச் சில நொடிகளில் படபடப்பு வரலை, அவ்வளவுதான். அதனாலதான் 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டி அனுப்பும் ஹோல்டர் மானிட்டர் இருக்கு. விட்டு விட்டு வரும் கோளாறை, அது வரும் நேரத்தில்தான் பிடிக்கணும்.

3/ ஆனா முதல் வேலை வைத்தியம் இல்லை. பேக்கப். அடுத்த முறை ஆன் ஆனதும் ஆஃப் பண்ணாம, குழந்தைகளின் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், காலேஜ் புராஜெக்ட் எல்லாத்தையும் வெளியில் காப்பி எடுங்க. லேப்டாப் போனா வேற வாங்கலாம். அதுக்குள்ள இருக்கிறதை எந்தக் கடையில வாங்குவீங்க?

4/ அப்புறம் ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. ராத்திரி முழுக்க ஆஃபா இருந்த பிறகு மக்கர் பண்ணுதா, சூடா இருக்கும்போதா? சார்ஜர் போட்டிருந்ததா? பீப் சத்தம் எத்தனை?

5/ அந்த நோட்டு பாதி பதிலைச் சொல்லிடும்:

👉 தேதி, நேரம் பழசுக்குப் போயிடுதா? உள்ளே இருக்கும் சிமாஸ் பேட்டரியைச் சந்தேகப்படுங்க. பல மாடல்களில் அது 3 வோல்ட் காசு வடிவ பேட்டரிதான்.

👉 ரீஸ்டார்ட் ஒழுங்கா ஆகுது, ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாத்தான் தகராறா? விண்டோஸ் 8ல் இருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திப் பாருங்க. அது இருந்தா ஷட் டவுன் முழு ஷட் டவுன் கிடையாது.

👉 லைட் எரிஞ்சும் ஸ்கிரீன் கருப்பா? வெளி மானிட்டர் மாட்டிப் பாருங்க. அதுலயும் வரலைன்னா ரேமைக் கழற்றி, துடைச்சு, மறுபடி மாட்டச் சொல்லுங்க.

👉 கம்பெனி லோகோவோட நின்னு, டக் டக்குனு சத்தமா? ஹார்டு டிஸ்க். பேக்கப் இன்னிக்கே.

👉 லைட்டே எரியலையா? சார்ஜரை எடுத்து, கழற்ற முடிஞ்சா பேட்டரியையும் எடுத்து, பவர் பட்டனை 30 வினாடி அமுக்கிப் பிடிங்க. பிறகு சார்ஜர் மட்டும் போட்டுப் பாருங்க.

6/ ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அஞ்சு மருந்தை ஒண்ணா ஆரம்பிச்சா எது கேட்டுச்சு, எது அலர்ஜி பண்ணுச்சுன்னு யாருக்கும் தெரியாது. இங்கேயும் அதேதான்.

7/ ⚠️ டச்பேட் மேலே தூக்கியிருக்கா, அடிப்பக்கம் உப்பியிருக்கா? பேட்டரி வீங்கியிருக்கு. இது எமர்ஜென்சி. சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. தீப்பிடிக்கலாம். நேரா சர்வீஸுக்குப் போங்க.

8/ என் கருத்து இதுதான். மதர்போர்டு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா மத்ததெல்லாம் இல்லைன்னு உறுதியான பிறகு, கடைசியா சொல்ல வேண்டிய டயக்னோசிஸ் அது. கவுண்டர்ல வச்சுப் பார்த்த ரெண்டாவது நிமிஷம் சொன்னா, "என்ன டெஸ்ட் பண்ணீங்கண்ணே?"ன்னு மரியாதையா கேளுங்க. நல்ல மெக்கானிக் கோச்சுக்க மாட்டார், விளக்குவார். ரேமைத் துடைச்சா தீரக்கூடிய விஷயத்துக்கு, மகளோட ஒரு செமஸ்டர் ஃபீஸை இழக்காதீங்க.

9/ நோயாளி சொல்ற கதையை முழுசா கேட்டாலே பாதி நோய் பிடிபடும்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. லேப்டாப்புக்கு வாய் இல்லை. அதோட கதையை நீங்கதான் எழுதி எடுத்துட்டுப் போகணும்.