சிவந்தது சி டிரைவ், பழி குடும்பப் படங்களுக்கு

"டிஸ்க் ஃபுல்லா? போட்டோவையெல்லாம் அழிச்சுடுங்க சார், சரியாயிடும்."

பழுதுபார்க்கும் கடையில் கேட்டாலும் சொந்தக்காரப் பையனிடம் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. சி டிரைவின் நீலக் கோடு சிவப்பானதும் வீட்டில் முதலில் கைவைக்கப்படுவது 'பிக்சர்ஸ்' ஃபோல்டர். தாத்தாவின் சதாபிஷேகம், குழந்தை முதலடி வைத்த நாள், இடித்துக் கட்டிய பழைய வீட்டின் திண்ணை என்று ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போகின்றன. சில வாரங்களில் கோடு மறுபடி சிவக்கிறது. போன படம் போனதுதான்.

இந்த அறிவுரை தவறு. எளிய கூட்டல் கணக்கே அதைக் காட்டிவிடும். செல்போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் படம் சேர்ந்தால் 4 ஜிபி. 256 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதே சி டிரைவில் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற மறைகோப்பு ஒன்று இருக்கும். ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் உள்ளதை எழுதிவைக்க விண்டோஸ் முன்கூட்டியே பிடித்துவைக்கும் இடம் அது. வழக்கமாக ரேமின் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி, அதாவது 1,600 படங்களுக்கான இடம். ரேம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ்ஃபைல்.சிஸ் அதன் பக்கத்திலேயே இருக்கும். பெரிய அப்டேட் வந்த பிறகு பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற பெயரில் பல ஜிபியோடு தங்கியிருக்கும். பத்து நாளில் அது தானாகவே போய்விடும். ஆனால் அந்தப் பத்து நாளுக்குள்தான் கோடு சிவந்ததைப் பார்த்து வீட்டில் பதறிப்போகிறார்கள். இதுபோக, 2019-இல் இருந்து புதிதாக வரும் கணினிகளில் அப்டேட்டுக்கென்றே சுமார் 7 ஜிபியை விண்டோஸ் ஒதுக்கிவைக்கிறது.

இவை வீண் என்று சொல்லவில்லை. ஹைபர்னேட்டே பயன்படுத்தாத வீட்டில் அதை நிறுத்திவிடலாம். கணினி கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். பேஜ்ஃபைலைத் தொடாமல் இருப்பது நல்லது. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் படங்களைக் குற்றவாளி ஆக்குவதுதான் அநியாயம். பார்ப்பதற்கு 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஸ்டோரேஜ்' பக்கம் இருக்கிறது. இன்னும் தெளிவாகப் பார்க்க, விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும். பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம். என்றோ இறக்கி மறந்த சினிமாவும், நிறுவி முடித்த பிறகும் கிடக்கிற செட்டப் கோப்பும் முதல் பார்வையிலேயே கண்ணில் படும். குடும்பப் படங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

வீடியோ மட்டும் விதிவிலக்கு. 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில் எடுத்தால், சிக்கன முறையில் பதிவு செய்தும்கூட ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி ஆகும் என்று ஐபோனின் கேமரா செட்டிங்கிலேயே எழுதியிருக்கிறது. பத்து நிமிட நாட்டியம் 1.7 ஜிபி. கையில் கத்தி எடுத்தே ஆகவேண்டும் என்றால், கை ஆடி எடுத்த விழா வீடியோக்களில் ஆரம்பிக்கலாம்.

அடுத்த புகார் கம்பெனிமேல். "ஒரு டெராபைட் என்று வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டான்." இதைச் சொல்லாத வீடில்லை. மிச்ச 69 ஜிபியை விண்டோஸ் தின்றுவிட்டது என்று விளக்கம் தருபவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. ஒரு டெராபைட் என்றால் லட்சம் கோடி பைட். அந்த அளவில் விற்கும் வழக்கமான ஹார்ட் டிஸ்க்கின் உண்மையான கொள்ளளவு 10,00,20,48,86,016 பைட். சொன்னதைவிட 20 கோடி பைட் கூடுதலாகவே இருக்கிறது. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்குப் போடுகிறார். விண்டோஸ் 1,024 ஆல் மூன்று முறை வகுத்து, வருகிற எண்ணுக்குப் பக்கத்தில் அதே 'ஜிபி' என்ற பெயரைப் போடுகிறது. இரண்டு படிக்கல்லுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்கு 'கிபிபைட்', 'ஜிபிபைட்' என்று தனிப் பெயர்கள் வைத்துவிட்டது. விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு முதல் ஆப்பிள் மேக் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டதால், அதே டிஸ்க்கை அங்கே செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

வாங்கியவர்களின் கோபம் புரியாததல்ல. இதே காரணத்துக்காக அமெரிக்காவில் சீகேட் மீது வழக்கே நடந்தது. 2007-இல் சமரசமாகி, வாங்கியவர்களுக்கு விலையில் 5 சதவீதம் அல்லது ஒரு இலவச பேக்கப் மென்பொருள் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே. டிஸ்க்கில் பைட் குறைந்திருந்ததாக அந்த வழக்குக்குப் பொருள் இல்லை.

கோப்பின் அளவு எவ்வளவோ அவ்வளவு இடம்தான் பிடிக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து 'தமிழ்' என்ற ஒரே சொல்லைத் தட்டிச் சேமிக்க வேண்டும். கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15 பைட். ஆனால் ஃபோல்டரில் பட்டியலாகப் பார்த்தால் 1 கேபி என்றிருக்கும், முழு எண்ணுக்கு உயர்த்திக் காட்டுவதே அந்தப் பட்டியலின் வழக்கம். வலது க்ளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் அளவு 15 பைட், டிஸ்க்கில் பிடித்த இடம் 0 பைட்! சி டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் வழக்கமாக 1,024 பைட்டில் ஒரு பதிவு உண்டு. இத்தனை சிறிய கோப்பு அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் தனி இடம் தேவைப்படுவதில்லை.

அதே கோப்பை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த 64 ஜிபி பென்டிரைவுக்கு மாற்றினால் கதையே வேறு. அங்கே இடம் 128 கேபி கட்டங்களாகப் பிரிந்திருக்கும். 15 பைட் வந்தாலும் ஒரு முழுக் கட்டம் போய்விடும், ஒரே ஒரு கைக்குட்டைக்கு அலமாரியில் ஒரு தட்டு முழுவதையும் விட்டுக்கொடுப்பதுபோல. இப்படிப் பத்தாயிரம் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் எழுத்து 150 கேபிகூட வராது, இடம் மட்டும் 1.2 ஜிபி போயிருக்கும்.

எண் பொய் சொல்லும் இன்னொரு இடம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள வின்எஸ்எக்ஸ்எஸ். பல ஜிபி காட்டுகிறதே என்று அதை அழிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பக் கூடாது. அங்கே இருக்கும் கோப்புகளில் பலவும் சிஸ்டம்32-இல் இருப்பவைதான். டிஸ்க்கில் ஒரே பிரதி, கதவு மட்டும் இரண்டு. கதவுக்குக் கதவு எண்ணும்போது தொகை வீங்கித் தெரிகிறது. கையால் அழித்தால் விண்டோஸ் முடங்கும். சுத்தம் செய்ய விண்டோஸிலேயே உள்ள 'டிஸ்க் க்ளீனப்' போதும்.

படங்களை ஜிப் செய்தால் இடம் மிச்சமாகும் என்பதும் பலிக்காது. ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம், மறுபடி பிழிய அதில் சாறில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அழித்தால் எப்படியும் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் வரை ஒரு பைட்கூட விடுபடாது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். தெரியாதது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான (கிளவுட், அதாவது 'மேகம்') ஒன்டிரைவ் சங்கதி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் வீட்டாருக்கே தெரியாமல் ஒன்டிரைவில் இணைந்திருக்கும் வீடுகள் ஏராளம். 2017 முதல், அங்கே உள்ள கோப்புகளைக் கணினியில் இறக்காமல் பெயரை மட்டும் காட்டும் வசதி விண்டோஸில் இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தின் பக்கத்தில் சின்ன மேகக் குறி தெரியும். பிராப்பர்ட்டீஸில் அளவு 4 எம்பி, டிஸ்க்கில் பிடித்த இடம் 0 பைட். அதை அழித்தால் சி டிரைவில் துளி இடமும் கூடாது, ஆனால் படம் மேகத்திலிருந்தும், அதே கணக்கில் இணைந்த மற்ற கருவிகளிலிருந்தும் போய்விடும். தனிநபர் கணக்கில் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டி அதை 30 நாள் வைத்திருக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது.

மேகக் குறி இல்லாமல் பச்சை டிக் தெரியும் படங்கள்தான் கணினியில் உண்மையாகவே இடம் பிடிப்பவை. அவற்றின்மேல் வலது க்ளிக் செய்தால் வரும் பட்டியலில் இடத்தை விடுவிப்பதற்கென்று 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற வரி இருக்கிறது. அதைத் தொட்டால் டிக் மேகமாக மாறும், 4 எம்பி சி டிரைவுக்குத் திரும்பும், சதாபிஷேகப் படமும் அழியாமல் இருக்கும்.